புது போர்ஷே 911 கரேரா: வெளியே என்ன கலர், உள்ளே என்ன லெதர்?

அவினாசி_ரோடு (கோயம்புத்தூர்):

வணக்கம்ங்க. 911 கரேரா கூப்பேவுக்கு முன்பணம் கட்டியாச்சு. மாதக் கடைசிக்குள் கலர், இன்டீரியர் எல்லாம் முடிவு செய்து கொடுக்க வேண்டும். ஆர்டர் தொழிற்சாலைக்குப் போன பிறகு எதிலும் கை வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். தினமும் ராத்திரி கம்பெனி தளத்தில் கலர் மாற்றிப் பார்க்கிற கான்ஃபிகரேட்டரில் ஒரு கார் முடிவாகிறது, காலையில் எழுந்தால் அது பிடிப்பதில்லை.

வண்டி என்ன வேலைக்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் கிளம்பி மேட்டுப்பாளையம் வழியாகக் கோத்தகிரி. மனசு வந்தால் ஆழியாறு ஏறி வால்பாறை. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் எங்கள் ஃபவுண்டரிக்கும் எடுத்துப் போவேன். வீட்டில் போர்ட்டிகோ இருக்கிறது. ஃபவுண்டரியில் வேப்பமரத்தடிதான்.

வெளியே யோசித்து வைத்திருப்பது: கார்ட்ஸ் ரெட், ஜென்ஷன் ப்ளூ, ஜிடி சில்வர், வெள்ளை. கடைசியாகச் சொன்னது அம்மாவின் சிபாரிசு. அப்பாவுக்கு எதுவானாலும் சரி, கறுப்பு மட்டும் ஆகாது. சனி என்கிறார்.

உள்ளே: முழுக் கறுப்பு, கறுப்போடு பார்டோ சிவப்பு, டிரஃபிள் பிரவுன், மொஹாவி பெய்ஜ். வீட்டுக்காரம்மா பெய்ஜ் கட்சி.

"சூப்பரா இருக்கும்" என்று மட்டும் எழுதாமல், ஏன் என்றும் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

பிளாட்_சிக்ஸ் (சென்னை):

சிவப்பு. இதில் என்ன யோசனை?

லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் போர்ஷே முதன்முதலாக ஒட்டுமொத்தமாக ஜெயித்தது 1970-ல். ஹான்ஸ் ஹெர்மனும் ரிச்சர்ட் ஆட்வுட்டும் ஓட்டிய 23-ஆம் நம்பர் 917 ரேஸ் கார். சிவப்பு உடம்பு, வெள்ளைப் பட்டை. 80-களில் போஸ்டர் ஒட்டி வளர்ந்தவனைக் கேட்டுப் பாருங்கள், 911 என்றதும் அவன் கண்ணில் வருவது பின்னால் பெரிய இறக்கை வைத்த கார்ட்ஸ் ரெட்தான்.

சில்வர் வாங்கினால் அது அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் நிற்கும் செடானின் கலர். ஜென்ஷன் ப்ளூ வெயிலில் அழகு, ஆனால் நிழலில் நிறுத்தினால் கறுப்பு மாதிரிதான் தெரியும். அப்பாவுக்கு யார் பதில் சொல்வது?

பழைய_அம்பாசடர் (ஈரோடு):

வாழ்த்துகள் தம்பி. வெள்ளை வேண்டாம். நம்ம ஊரில் பெரிய வெள்ளைக் கார் வந்தாலே பானெட்டில் கட்சிக் கொடி எங்கே என்று தேடுவார்கள். சந்தனமும் குங்குமமும் சில்வரில் எடுப்பாகத் தெரியும் என்று அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள்.

மைக்ரான்_மீட்டர் (திருப்பூர்):

நான் பெயின்ட் கரெக்ஷன், பிபிஎஃப் (பெயின்ட்டைக் காக்க மேலே ஒட்டுகிற ஃபிலிம்) வேலை செய்கிறவன். எல்லாரும் கலரைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு உறுத்துவது அந்த ஃபவுண்டரி வேப்பமரம்.

காஸ்டிங்கை கிரைண்டிங் செய்யும்போது பறக்கிற இரும்புத்தூள் கண்ணுக்குத் தெரியாத அளவில் காற்றில் மிதந்து வந்து கிளியர்கோட்டில் (கலருக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சு) உட்காரும். சூடாக வந்தால் கொஞ்சம் உள்ளே இறங்கியே உட்காரும். அப்புறம் பனியோ தூறலோ பட்டால் துருப்பிடிக்கும். வெள்ளைக் காரில் இது ஆரஞ்சுப் புள்ளிகளாகத் தெரியும். ஷாம்பூ போட்டுக் கழுவினால் போகாது, தேய்த்தால் கோடு விழும். தயோகிளைகோலேட் கலந்த அயர்ன் ரிமூவர் அடிக்க வேண்டும். அடித்தவுடன் ஊதா நிறத்தில் வழியும். முதல்முறை பார்க்கிறவர்கள் பெயின்ட்டே கரைகிறது என்று பயந்துவிடுவார்கள். பீளமேடு, கணபதி பக்கமிருந்து வரும் வெள்ளைக் கார்களில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். அடர்நிறத்தில் புள்ளி தெரியாதே தவிர, பாதிப்பு அதேதான். எனவே வெள்ளையை நானும் சேர்ந்து வெட்டுகிறேன், காரணம்தான் வேறு.

வேப்பமரத்துக்கு இன்னொரு கதை. பழ சீசனில் காக்காவும் மைனாவும் தின்றுவிட்டு மேலே எச்சம் போடும். அது அமிலம். கோடை வெயிலில் ஒரு பகல் விட்டாலே கிளியர்கோட்டில் வடு நிற்கும். மரத்தடியைவிட ஒரு ஷீட் கொட்டகை ஆயிரம் மடங்கு மேல். அதுவும் கிரைண்டிங் ஷாப்புக்குக் காற்று வரும் பக்கமாகப் போடாதீர்கள்.

இப்போது உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். கார்ட்ஸ் ரெட் சாலிட் கலர். உள்ளே மினுமினுப்புத் துகள் கிடையாது. ஒரு பேனல் அடிபட்டால் ஷேடு பிடிப்பது சுலபம். "சிவப்பு வெளுத்துப் பிங்க் ஆகிவிடும்" என்பது அந்தக் காலத்து ஒற்றை அடுக்குப் பெயின்ட்டின் கதை. இப்போது மேலே கிளியர்கோட் இருக்கிறது, அது உயிரோடு இருக்கும்வரை சிவப்பு சிவப்பாகவே இருக்கும்.

சில்வர்தான் ரிப்பேருக்குக் கஷ்டமானது. உள்ளே இருப்பது அலுமினியச் செதில்கள். ஆற்றில் மீன் கூட்டம் ஒரே பக்கம் திரும்பினால் ஒரு பளிச்சும், கலைந்து நீந்தினால் வேறு பளிச்சும் தெரியுமே, அப்படித்தான். ஸ்ப்ரே கன்னின் அழுத்தம், தூரம், அன்றைய வெக்கை எல்லாம் சேர்ந்து செதில் எப்படிப் படுக்கும் என்பதை முடிவு செய்யும். பெயின்ட்டின் கலர் எண் சரியாக இருந்தாலும் நேராகப் பார்த்தால் ஒத்துப்போகும், சாய்வாகப் பார்த்தால் கதவு தனியாகத் தெரியும். அதனால் பக்கத்துப் பேனலுக்கும் சேர்த்து இழுத்து அடிக்க வேண்டும். ஆனால் அன்றாடத் தூசியை மறைப்பதில் சில்வரை மிஞ்ச ஆளில்லை. மெல்லிய கீறலும் அதில் கண்ணுக்குப் படாது.

ஜென்ஷன் ப்ளூ வாங்கினால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். போர் தண்ணீரில் கழுவி வெயிலில் விட்டால் உப்புக் கறை வட்டம் வட்டமாக நிற்கும்.

அவினாசி_ரோடு (கோயம்புத்தூர்):

அண்ணா, ரொம்ப நன்றி. இரும்புத்தூள் விஷயம் தினமும் அங்கேயே இருக்கிற எனக்கே தோன்றவில்லை. கொட்டகைக்கு நாளைக்கே ஆள் விடுகிறேன். வீட்டில் சிறுவாணித் தண்ணீர், ஆனால் குடிக்கிற தண்ணீரில் கார் கழுவினால் அப்பா என்னைக் கழுவி ஊற்றிவிடுவார். எனவே போர்தான்.

ஸ்வாபியன்_சாம்பார் (ஸ்டுட்கார்ட்):

இந்தக் கார் செய்கிற ஊரில் இருந்துகொண்டு பேசாமல் இருக்க முடியவில்லை. தொழிற்சாலை இருக்கும் சுஃபன்ஹாவுசன் பக்கம் போனால் சாலையில் 911 சர்வ சாதாரணம். அவற்றில் பெரும்பாலானவை சாம்பல், கறுப்பு, வெள்ளை, சில்வர். 70-களில் ஆரஞ்சு, பச்சை, மஞ்சள் என்று விற்ற கம்பெனியா இது என்று தோன்றும். அங்கேயுள்ள மியூசியத்தில் நின்று பார்த்தால் அந்தக் காலத்துத் தைரியம் புரியும். 1971-ல் லெ மான்ஸுக்கு ஒரு 917-ஐப் பிங்க் கலர் அடித்து, கசாப்புக் கடைப் படம் மாதிரி உடம்பில் கோடு போட்டு அனுப்பியவர்கள் இவர்கள்.

கான்ஃபிகரேட்டரை நம்பாதீர்கள். அந்தப் படங்களில் இருப்பது எங்கள் ஊர் மாதிரி மிதமான வெளிச்சம். இங்கே வருஷத்தில் பாதி நாள் வானம் மூடிக் கிடக்கும், சூரியன் சாய்ந்தே வரும். அந்த வெளிச்சத்தில் சாலிட் கலர் எல்லாம் ஆழமாகத் தெரியும். உங்கள் ஊரில் உச்சி வெயில் நேர் மேலே இருந்து இறங்கும். வெள்ளையும் வெளிர் சாம்பலும் அதில் தட்டையாகிவிடும். பின் சக்கரத்துக்கு மேலே அந்த இடுப்பு வளைவுதானே 911? அந்த வளைவு தெரிய வேண்டுமென்றால் வெளிச்சமும் நிழலும் பிரிய வேண்டும். செதில் கலந்த மெட்டாலிக் பெயின்ட்டில்தான் அது நடக்கும்.

இன்னொன்று. சும்மா ஃபேஷனுக்காகச் சாலிட் சாம்பலுக்குப் போகாதீர்கள். அதைப் பிரபலமாக்கியது ஆடியின் நார்டோ கிரே. இத்தாலியில் உள்ள நார்டோ சோதனை ஓடுபாதையின் பெயர் அது. வேடிக்கை என்னவென்றால், 2012-லிருந்து அந்த ஓடுபாதையைக் கையில் வைத்திருப்பது போர்ஷே.

பிளாட்_சிக்ஸ் (சென்னை):

வளைவு தெரிய மெட்டாலிக் வேண்டும் என்றால் ஃபெராரிக்காரர்கள் இத்தனை வருஷம் என்ன செய்துகொண்டிருந்தார்களாம்? சாலிட் சிவப்பில் வானமே பானெட்டில் தெரியும்.

குன்னூர்_மூடுபனி (குன்னூர்):

நான் தினமும் மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். தம்பி ஞாயிறு விடியற்காலை என்கிறார். கோத்தகிரி ரோட்டில் அந்த நேரத்துக்கு மூடுபனி இருக்கும், எதிரே காய்கறி லாரி இறங்கும். அரையிருட்டில் நம் கண்ணுக்கு முதலில் மங்கிப்போகும் நிறம் சிவப்புதான். பகலில் கண்ணைப் பறிக்கும் சிவப்பு, பொழுது விடியாத நேரத்தில் கறுப்போடு கறுப்பாகிவிடும். நீலம் அந்த நேரத்தில் சிவப்பைவிடத் தேவலாம். ஆனால் ஜென்ஷன் ப்ளூ அவ்வளவு அடர்த்தி என்பதால் பெரிய வித்தியாசம் இருக்காது. சில்வர் ஈரத் தார்ரோட்டோடும் பனியோடும் கலந்துவிடும்.

ஆஸ்திரேலியாவில் மோனாஷ் பல்கலைக்கழகம் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், பகல் வெளிச்சத்தில் வெள்ளைக் காரைவிடக் கறுப்புக்கு விபத்து அபாயம் சுமார் 12 சதவீதம் கூடுதல் என்று கண்டார்கள். சாம்பல், சில்வர், நீலம், சிவப்பு, பச்சை எல்லாமே வெள்ளைக்குப் பின்னால்தான். அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது என்கிறேன்.

பிளாட்_சிக்ஸ் (சென்னை):

அக்கா, எல்லா நேரமும் முன்விளக்கு எரிகிற கார் இது. ஒவ்வொரு பக்கமும் நாலு புள்ளி வெளிச்சம். பின்னால் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை சிவப்புக் கோடு. லாரிக்காரருக்கு விளக்கு தெரிந்தால் போதாதா?

குன்னூர்_மூடுபனி (குன்னூர்):

நேர் ரோட்டில் போதும். கொண்டை ஊசியில் எதிரே வருகிறவன் பார்ப்பது உங்கள் பக்கவாட்டை. விளக்கு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். சரி, நான் சிவப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஹாரன் அடிக்கக் கூச்சப்படாதீர்கள், அவ்வளவுதான்.

ஷார்ஜா_வெயில் (ஷார்ஜா):

இத்தனை பேர் வந்தும் இன்டீரியரை ஒருத்தரும் தொடவில்லை. வெளிக்கலரை நீங்கள் பார்க்கப் போவது பார்க்கிங்கில் இறங்கித் திரும்பிப் பார்க்கும் அந்த ஒரு நிமிஷம். உள்ளே இருக்கிறதைத்தான் ஓட்டுகிற நேரம் முழுக்கப் பார்க்கப் போகிறீர்கள். நான் எப்போதும் உள்ளே முடிவு செய்துவிட்டு, அதற்குப் பொருந்துகிற வெளிக்கலரைத் தேடச் சொல்வேன்.

என்னிடம் இருப்பது போர்ஷேயின் கேமன். முன்னால் இருந்தது முழுக் கறுப்பு, இப்போது உள்ளது இரண்டு நிறம். இரண்டையும் இந்த ஊர் வெயிலில் வைத்திருந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

டேஷ்போர்டின் மேல்பகுதி கறுப்பாகவே இருக்கட்டும். பெய்ஜ் டேஷ் என்றால் மதிய வெயிலில் அது அப்படியே முன் கண்ணாடியில் பிரதிபலிக்கும். ரோட்டுக்கு மேலே ஒரு வெளிர்ப் படலம் மிதக்கிற மாதிரி இருக்கும். ஸ்போர்ட்ஸ் காரில் கண்ணாடி சாய்வு அதிகம், அதனால் தொந்தரவும் அதிகம். உங்கள் வீட்டுக்காரம்மாவுக்குப் பெய்ஜ்தான் வேண்டுமென்றால் மேலே கறுப்பு, கீழேயும் சீட்டிலும் பெய்ஜ் வருகிற மாதிரி எடுங்கள்.

ஆனால் பெய்ஜ் சீட்டுக்கு ஜீன்ஸ் எமன். புது ஜீன்ஸ் போட்டு உட்கார்ந்தால் சாயம் ஏறும். ஓட்டுபவர் ஏறி இறங்கும் பக்கத்து விளிம்பு முதலில் நீலமாகும். 911 மாதிரித் தாழ்ந்த காரில் ஒவ்வொரு முறையும் அந்த விளிம்பில் உரசித்தான் ஏற வேண்டும். வேட்டி கட்டிக்கொண்டு ஓட்டுவதாக இருந்தால் பெய்ஜ் எடுங்கள். தலைக்கு எண்ணெய் வைக்கிற வீடென்றால் ஹெட்ரெஸ்டையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சீட் வென்டிலேஷன் கண்டிப்பாகப் போடுங்கள். நம்ம வெக்கைக்கு அதைவிட உபயோகமான ஆப்ஷன் கிடையாது. ரேஸ் கார் மாதிரி கார்பன் முதுகு வைத்த பக்கெட் சீட்டில் அது கிடைக்காது. எனவே கார்பன் முதுகு ஆசையை விட்டுவிடுங்கள். வென்டிலேஷன் எடுத்தால் சீட் நடுவில் துளைபோட்ட லெதர் வரும். அந்தத் துளைகளில் வெளிர் நிறத்தில் அழுக்குக் கறுப்பாகத் தெரியும், கறுப்பு லெதரில் கிளீனர் கிரீம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். சிவப்பிலும் பிரவுனிலும் இரண்டு தொல்லையும் குறைவு.

ரேஸ்டெக்ஸ் ஸ்டீயரிங் வேண்டவே வேண்டாம். அந்த மெல்லிய இழைத் துணியில் வியர்வையும் எண்ணெயும் சேர்ந்து சீக்கிரமே படிந்து பளபளப்பாகிவிடும். சாதா வழவழ லெதர் எடுங்கள். கதவில், கூரையில் இருந்தால் பரவாயில்லை, அங்கே யார் கை வைக்கப் போகிறார்கள்?

மைக்ரான்_மீட்டர் (திருப்பூர்):

மேலே சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். சென்டர் கன்சோலில் பளபள கறுப்பு வருகிற இடங்களைக் கூடிய மட்டும் தவிர்த்து வேறு ட்ரிம் எடுங்கள். தூசி துடைக்கிற துணியே அதற்கு எதிரி. பிரஷ்டு அலுமினியம் அழகு, ஆனால் உச்சி வெயில் அதில் பட்டுக் கண்ணில் அடிக்கும். துளை மூடாத பல்தாவ் மரம் பார்த்திருக்கிறீர்களா? மினுக்காது, விரல் ரேகை தெரியாது. டிரஃபிள் பிரவுனோடு அது நன்றாக இருக்கும்.

பழைய_அம்பாசடர் (ஈரோடு):

மரம், மாட்டுத்தோல் என்று கட்டில் கடை ஆகிவிட்டதே. அந்தக் காலத்தில் ரெக்ஸின் சீட்டில் டர்க்கி டவல் விரித்துப் போனோம், ஒரு கறையும் இல்லை.

ஸ்வாபியன்_சாம்பார் (ஸ்டுட்கார்ட்):

ஐயா சொன்னதில் விஷயம் இருக்கிறது, துணி லெதரைவிடச் சூடு குறைவு. 60-களின் போர்ஷேக்களில் பெபிட்டா என்கிற கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணி சீட் வந்தது. 1977-ல் 928 என்கிற மாடலோடு பாஷா என்கிற சதுரங்கக் கட்டம் வந்தது, சின்னதும் பெரிதுமாகக் கட்டங்கள் வளைந்து ஓடும். பார்த்தால் கொஞ்சம் தலைசுற்றும். 2025-ல் 911 ஸ்பிரிட் 70 என்று 1,500 கார் மட்டும் செய்தார்களே, அதில் அதே பாஷா திரும்பி வந்தது. சாதா கரேராவில் சீட் நடுப்பகுதிக்குத் துணி கிடைக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள்.

அவினாசி_ரோடு (கோயம்புத்தூர்):

அந்த ஸ்பிரிட் 70 படத்தைப் பார்த்ததிலிருந்து மண்டைக்குள் இன்னொரு வண்டு. அது ஆலிவ் நியோ கலராம், சக்கரம் பொன்னிறம், உள்ளே கறுப்பும் ஆலிவும். நாம் கேட்கிற கலரை அடித்துத் தரும் பெயின்ட் டு சாம்பிளில் பணம் கட்டி ஏதாவது ஒரு ஆலிவ் பச்சை அடிக்கச் சொன்னால் என்ன? மலைக்குப் பொருந்தும், தூசி தெரியாது, ஊரில் இரண்டாவது கார் இருக்காது.

ஆர்சி_புக் (மதுரை):

நிறுத்துங்கள் நிறுத்துங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989. விதி எண் 121. பாதுகாப்புத் துறை வாகனங்களைத் தவிர வேறு எந்த வாகனத்துக்கும் ஆலிவ் பச்சை நிறம் அடிக்கக் கூடாது. ஜீப் வாங்கி ராணுவப் பச்சை அடித்துவிட்டு ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் நிற்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தொழிற்சாலையிலேயே அடித்து வந்தாலும், பதிவின்போது அதிகாரி கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. கலர் ஆர்சியில் ஏறுகிற விஷயம். பின்னால் மாற்றினாலும், முழு உடம்புக்கும் வேறு கலர் ராப் ஒட்டினாலும், ஆர்டிஓவுக்குத் தெரிவித்து ஆர்சியில் ஏற்ற வேண்டும். பச்சைதான் வேண்டுமென்றால் ஓக் கிரீன் மாதிரி அடர்பச்சை மெட்டாலிக்கில் பாருங்கள், அது ஆலிவ் கிடையாது.

பெயின்ட் டு சாம்பிள் பற்றியும் ஒன்று. முழுதாகக் கட்டி இறக்குமதியாகிற கார் இது. அங்கே நீங்கள் சேர்க்கிற ஒவ்வொரு ஆப்ஷனும் காரின் மதிப்போடு சேர்ந்துதான் இங்கே வருகிறது. அதன் மேல் இறக்குமதி வரி, அதன் மேல் ஜிஎஸ்டி. நம் மாநிலத்தில் 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்குச் சாலை வரி 20 சதவீதம். ஜெர்மனி விலைப்பட்டியலைப் பார்த்து "அவ்வளவுதானே" என்று டிக் அடித்துக்கொண்டே போகாதீர்கள். கலர் தையல், சீட் பெல்ட்டுக்கு வேறு கலர், சாவிக்கு லெதர் உறை எல்லாம் அந்த வகை. வென்டிலேஷனுக்கு வரி கட்டலாம், சாவி உறைக்குக் கட்ட வேண்டுமா?

இன்னொன்றும் கவனம். இன்டீரியர் சூட்டைச் சன் ஃபிலிம் ஒட்டிச் சமாளிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். முன்னும் பின்னும் 70 சதவீதம், பக்கக் கண்ணாடியில் 50 சதவீதம் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது விதி. கடையில் ஒட்டுகிற கறுப்பு ஃபிலிம்களை 2012-ல் உச்ச நீதிமன்றமே எடுக்கச் சொன்னது.

அவினாசி_ரோடு (கோயம்புத்தூர்):

ஆலிவ் அவுட். நல்லவேளை கேட்டேன். பெயின்ட் டு சாம்பிளும் அவுட்.

விற்கும்போது என்ன ஆகும் என்று யாராவது சொல்லுங்கள். கம்பெனியில் உள்ளவர் வெள்ளை, கறுப்புதான் ரீசேல் என்று அடித்துச் சொல்கிறார்.

பிளாட்_சிக்ஸ் (சென்னை):

குடும்பக் காருக்கு அது சரி. ஐந்து பேர் சேர்ந்து முடிவெடுக்கும் காரில் யாருக்கும் பிடிக்காமல் போகாத கலர்தான் விலை போகும். 911-ஐ யாரும் குடும்பத்தோடு உட்கார்ந்து ஓட்டெடுப்பு வைத்து வாங்குவதில்லை (உங்கள் வீடு விதிவிலக்கு). அமெரிக்காவில் ஐசீகார்ஸ் தளம் போடுகிற கணக்குகளில் மஞ்சளும் ஆரஞ்சும் விலை குறைவாக இறங்கும் கலர்கள், வெள்ளையும் கறுப்பும் அவற்றைவிட அதிகமாக இறங்குகின்றன. மஞ்சளில் வருவதில் ஸ்போர்ட்ஸ் கார்கள் அதிகம், தேடுகிறவன் தேடி வருவான். நான் சொன்ன சிவப்பும் அந்த ரகம்தான்.

ஷார்ஜா_வெயில் (ஷார்ஜா):

சிவப்பு பற்றி அந்தக் கணக்கு என்ன சொல்கிறது என்று மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்களே சார் 🙂

சூட்டுக் கணக்கு ஒன்று என்னிடம் இருக்கிறது. 2011-ல் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகத்துக்காரர்கள் ஒரே மாதிரி இரண்டு ஹோண்டா சிவிக், ஒன்று கறுப்பு, ஒன்று சில்வர், வெயிலில் நிறுத்திப் பார்த்தார்கள். சில்வரின் கூரை 25 டிகிரி செல்சியஸ் வரை சூடு குறைவு. உள்ளே காற்று 5, 6 டிகிரி குறைவு. ஏசி போட்டதும் யார் முதலில் குளிர்வார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடர்நீலமும் கறுப்புக்குப் பக்கத்தில்தான் வரும்.

மைக்ரான்_மீட்டர் (திருப்பூர்):

பாதுகாப்பு விஷயத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். எந்தக் கலர் எடுத்தாலும் இது பொது.

தொழிற்சாலைப் பெயின்ட் மொத்தமாகவே 100 முதல் 150 மைக்ரான். அதில் கிளியர்கோட் 40, 50. நல்ல பிபிஎஃப் மட்டும் 150 முதல் 200 மைக்ரான் இருக்கும். அதாவது உங்கள் பெயின்ட்டைவிடத் தடிமனான ஒரு சட்டை. டிபியு (ஒரு வகைப் பாலியூரித்தேன்) என்று கேட்டு வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் பிவிசி ஃபிலிம் நம்ம வெயிலுக்கு மஞ்சளாகும். வெள்ளையிலும் சில்வரிலும் அந்த மஞ்சள் அசிங்கமாகத் தெரியும். செராமிக் கோட்டிங் மட்டும் போட்டால் தண்ணீர் வழுக்கும், கழுவுவது சுலபம், கல்லை அது தடுக்காது.

911-ல் ஒரு விசேஷம், பின் ஃபெண்டர் அகலம். முன் டயர் தூக்கிப் போடும் கல் நேராக அங்கேதான் போய் அடிக்கும். வால்பாறை போகிற கார் என்றால் முன் பம்பர், பானெட்டோடு அந்தப் பின் இடுப்புக்கும் ஃபிலிம் வேண்டும். சில்வரில் அங்கே கல் பட்டு ரீபெயின்ட் என்றால் அந்தக் கதவுக்கும் சேர்த்து இழுக்கணும் என்று முன்பே சொன்னேன். ஃபிலிம் இருந்தால் அந்தக் கவலை இல்லை.

டெலிவரி எடுக்கும் முன் பெயின்ட் தடிமன் அளக்கச் சொல்லுங்கள். வரும் வழியில் எங்கேயாவது உரசி, சத்தமில்லாமல் டச்சப் செய்த புதுக் கார்கள் என் கடைக்கு வந்திருக்கின்றன. ஆனால் இந்தக் காரின் கதவு, பானெட், ஃபெண்டர், கூரை எல்லாம் அலுமினியம். இரும்பில் மட்டும் வேலை செய்கிற காந்த வகை மீட்டரைக் கொண்டுவந்து வைத்தால் ஒன்றும் காட்டாது. அலுமினியத்துக்கும் அளக்கிற மீட்டராகக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

ஸ்வாபியன்_சாம்பார் (ஸ்டுட்கார்ட்):

தம்பி, ஒரே ஒரு வேலை செய்யுங்கள். ஷோரூமில் உள்ள கலர் தட்டுகளை வெளியே வெயிலில் எடுத்துப் போய்ப் பார்க்க அனுமதி கேளுங்கள். டியூப் லைட்டுக்கு அடியில் வைத்து முடிவெடுக்காதீர்கள். தட்டை நேராகவும் பிடித்து, படுக்கையாகவும் பிடித்துப் பாருங்கள். லெதர் சாம்பிளைத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், நிஜத்தில் அவை இரண்டும் பக்கத்தில் வருவது கதவு திறக்கும்போது மட்டும்தான். லெதரைக் கறுப்பு டேஷுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அவினாசி_ரோடு (கோயம்புத்தூர்):

முடிந்ததுங்க. ஆர்டர் கொடுத்தாச்சு.

தட்டுகளை வெளியே எடுத்துப் போய்ப் பார்த்தேன். கார்ட்ஸ் ரெட் நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் ஆரஞ்சு கலந்த சிவப்பு. அழகுதான், ஆனால் என் கண் திரும்பத் திரும்ப அதிலேயே நிற்கவில்லை. ஜென்ஷன் ப்ளூவைப் படுக்கையாகப் பிடித்தால் சொர்க்கம், நேராகப் பிடித்ததும் கறுப்பு. கூட வந்த அப்பா "இது கறுப்புதானே" என்றார். அதோடு நீலம் போச்சு. ஜிடி சில்வரில் லேசாக ஒரு பொன்னிறச் சாயல் இருக்கிறது, வெயிலில்தான் அது தெரிகிறது. கான்ஃபிகரேட்டரில் பார்த்தது செத்த சாம்பல்.

எனவே வெளியே ஜிடி சில்வர். உள்ளே கறுப்பு டேஷ், பார்டோ சிவப்பு சீட், வென்டிலேஷனோடு. வழவழ லெதர் ஸ்டீயரிங். ட்ரிம் டார்க் சில்வர். மரம் பிரவுனோடுதான் எனக்குப் பிடித்தது, சிவப்போடு ஒட்டவில்லை. சாவி உறை, பெல்ட் கலர் எதுவும் இல்லை. வீட்டுக்காரம்மா பெய்ஜை விட்டுக்கொடுத்தார், ஜீன்ஸ் கதையைப் படித்துக் காட்டினேன். அம்மாவுக்கு வெள்ளையில்லாவிட்டாலும் வெள்ளி என்பதில் சமாதானம். குன்னூர் அக்கா, மூடுபனியில் ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறேன்.

பிளாட்_சிக்ஸ் (சென்னை):

சிவப்பை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டீர்கள். மன்னித்தேன். ஆனால் உச்சி வெயிலில் நிறுத்தி எடுத்த படத்தைப் போட்டால்தான் அந்தப் பொன்னிறச் சாயலை நம்புவேன்.

அவினாசி_ரோடு (கோயம்புத்தூர்):

வந்ததும் போடுகிறேன். மைக்ரான் அண்ணா, கடைசியாக ஒரு சந்தேகம். டெலிவரி அன்று நேராகக் கோயிலுக்குப் போய்ப் பூஜை, அடுத்த நாள்தான் உங்கள் கடைக்கு. பானெட்டில் சந்தனம் குங்குமம் வைத்தால் பெயின்ட்டுக்கு ஏதாவது ஆகுமா?

மைக்ரான்_மீட்டர் (திருப்பூர்):

சந்தனம் ஒன்றும் செய்யாது, காய்ந்ததும் தேய்க்காமல் தண்ணீர் விட்டு ஊற வைத்து எடுங்கள். குங்குமத்தை எண்ணெயில் குழைத்து வைத்துவிட்டு நாள் கணக்கில் விட்டால்தான் சாயம் இறங்கும். பொட்டை முன் கண்ணாடியின் மூலையிலும் நம்பர் பிளேட்டிலும் வைக்கச் சொல்லுங்கள், அம்மாவும் கோபித்துக்கொள்ள மாட்டார். அர்ச்சகர் பானெட்டில் கற்பூரத் தட்டை மட்டும் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாலையைக் கம்பியால் கட்டாமல் நூலால் கட்டுங்கள், கம்பி முனை பம்பரில் கோடு போடும்.

பழைய_அம்பாசடர் (ஈரோடு):

எலுமிச்சம்பழத்துக்கு எத்தனை மைக்ரான் என்று அளந்து வைத்திருக்கிறீர்களா?

மைக்ரான்_மீட்டர் (திருப்பூர்):

ஐயா, அது டயருக்கு அடியில் போகிறது. என் டிபார்ட்மெண்ட் இல்லை.